வாட்ச்மேனுக்கு ஒரு சட்டை

தையல்காரர் வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கொட்டகை உத்திரத்தில் தொங்கும் லைட்டு டப்பாவை இறக்க வேண்டும். இறக்குவது அவர் மனைவி. வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. தொட்டால் என்ன நடக்கும் என்று தையல்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

டப்பா என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. மேலே ஊதா நிற விளக்கு, அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் விசிறி, விசிறிக்குக் கீழே வலைத்துணியில் ஒரு குழாய், குழாயின் அடியில் ஸ்பிரிட் ஊற்றிய குப்பி. இருட்டில் விளக்கைத் தேடி வரும் கொசுவையும் கடி ஈயையும் விசிறி கீழே இழுத்துவிடும். காலையில் அவள் குப்பியைக் கழற்றி, விட்டில், வண்டு முதலான வேண்டாத விருந்தாளிகளை இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை இறுக மூடித் தேதிச் சீட்டு ஒட்டுவாள். வாரம் ஒருமுறை கால்நடை ஆய்வுக்கூடத்து வண்டி வந்து குப்பிகளை வாங்கிப் போகும். அங்கே பூச்சிகளை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, அரைத்து, உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் மாட்டுக் கழலை நோயின் கிருமி அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சீட்டு ஒட்டியதும் நோட்டு. தேதி, மாட்டிய நேரம், இறக்கிய நேரம், குப்பியில் பூச்சி எந்தக் கோடு வரை, கடைசியாகக் குறிப்பு. குறிப்பில் அவள் பொய்யே எழுதமாட்டாள். ‘மழை.’ ‘கரண்ட் இல்லை, மூன்று மணி நேரம்.’ ‘விசிறியில் பல்லி.’ ஒரு பக்கத்தில் ‘வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டார்’ என்று எழுதிவிட்டு, அவர் கெஞ்சிய கெஞ்சலில் பக்கத்திலேயே ‘தெரியாமல்’ என்று பொடி எழுத்தில் சேர்த்திருந்தாள். மூன்று வருஷத்தில் அவர் கெஞ்சி அந்த நோட்டில் நுழைந்த சொல் அது ஒன்றுதான்.

டப்பாவோடு சேர்ந்து வந்த இன்னொரு பொறுப்பு, காதில் மஞ்சள் வில்லை போட்ட கன்று. வீட்டில் இரண்டு கறவை மாடு, ஒரு சினைக் கிடேரி, இந்தக் கன்று. மற்ற மூன்றுக்கும் தடுப்பூசி உண்டு. கன்றுக்கு மட்டும் கிடையாது. ஏன் என்று தையல்காரர் கேட்டபோது, மாதம் ஒருமுறை அதற்கு ரத்தம் எடுக்க வரும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

“எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுட்டா, பூச்சி நோயக் கொண்டுவந்தாலும் நமக்குத் தெரியாதுண்ணே. ஊசி போடாத ஒண்ணு நிக்கணும். பூச்சி நோயோட வந்து கடிச்சா, இதோட ரத்தத்துல அடையாளம் வந்துரும். நாம முன்னாடியே சுதாரிச்சுக்கலாம்.”

“அப்ப இது வாட்ச்மேன்” என்றாள் மனைவி. பெண் கன்றுதான். இருந்தாலும் அன்றிலிருந்து அதன் பெயர் வாட்ச்மேன். இதற்கு முன் வில்லை போட்டிருந்த கிடேரி வேலை முடிந்து, ஊசி போட்டுக்கொண்டு, இப்போது ஆறு மாதச் சினையாக நின்றது. அதைத்தான் மகள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். மகள் புதுக் குடித்தனம் போன இடத்தில் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தாள்.

தையல்காரருக்கு இந்த வாட்ச்மேன் ஏற்பாடு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. நோய் வந்தால் தெரிந்துகொள்வதற்காக ஒன்றைக் கடிபட விட்டு வைப்பது என்ன நியாயம் என்பது அவர் கட்சி. முன்னறையில் தையல் மிஷின், பின்னால் கொட்டகை, நடுவில் ஒரே ஒரு சன்னல். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கன்றின் முகம் நேரே தெரியும். சாயங்காலமானால் அது வாலை அடித்துக்கொண்டே நிற்கும். தோல் சிலிர்க்கும். பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும். அவர் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டே அதைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்கத் தையல் கோணும்.

போன வருஷக் கடைசியில் கொசுவலை தைத்த ஆர்டர் ஒன்றில் வெட்டுத்துண்டுகள் மிஞ்சின. தையல்காரர் எதையும் கொட்டுகிற ஆள் இல்லை. அந்த வீட்டில் தலையணைக்குள் இருப்பதும் துண்டுத்துணி, மிதியடியும் துண்டுத்துணி, கறவை மாட்டின் கயிற்றில் சுற்றியிருப்பதும் துண்டுத்துணி. வலைத்துண்டுகளை ஒட்டுப்போட்டு, நாலு கால், கழுத்து, வயிற்றுக்கு நாடா எல்லாம் வைத்து, கன்றுக்கு ஒரு சட்டையே தைத்துவிட்டார். வாட்ச்மேன் அதைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. அளவு அச்சாகப் பொருந்தியிருந்தது. அவர் தொழிலில் ஆள் நெளியாமல் அளவு கொடுப்பதே அபூர்வம்.

மனைவி பால் பாத்திரத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

“என்னங்க இது?”

“சட்டை.”

“அது தெரியுது. என்ன வேல பாக்குது இந்தக் கன்னு? பூச்சிக்கு உடம்பக் காட்டுறதுதான் இதோட வேல. வாட்ச்மேனக் கூட்டிட்டு வந்து வீட்டுக்குள்ள கட்டிலு போட்டுப் படுக்க வெச்ச கதையால்ல இருக்கு.”

“கடிக்குதும்மா.”

“எனக்கும் தெரியும் கடிக்குதுன்னு. கழட்டுங்க.”

கழற்றினார். சட்டையை அவள் சுருட்டிக் கையில் எடுத்துப் போனாள். அடுப்புத்துணியாகக் கிழித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கேட்கத் தைரியம் இல்லை.

இது பழைய கதை. புதுக்கதை போன மாதம் நடந்தது. கொட்டகைக்கு இடம் பார்த்துச் சொல்ல மனைவி மகள் வீட்டுக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, “நாளைக்கு ஊசிக்காரர் வருவாரு. மூணுக்குத்தான் ஊசி. மஞ்சள் காதுக்குக் கிடையாது” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனாள். தையல்காரரும் இரண்டு தரம் தலையாட்டினார்.

வந்தவர் புது ஆள். பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார். மூன்று மாட்டுக்கும் போட்டு முடித்ததும், குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இன்னும் ஒரு டோஸ் கெடக்கு. இந்தத் தெருவுல நீங்கதான் கடைசி. கலக்கின மருந்து, வெச்சிருந்து பிரயோஜனம் இல்ல. கொட்டத்தான் போறேன்.”

கொட்டத்தான் போறேன் என்ற சொல் தையல்காரர் காதில் விழுந்திருக்கவே கூடாது. வாட்ச்மேன் வாலை அடித்தது. அவர் கழுத்து டேப்பை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இதுக்குப் போட்டுருங்க.”

“காதுல மஞ்சளா என்னமோ மாட்டியிருக்கே?”

“அது ஒண்ணுமில்ல. அடையாளத்துக்கு.”

போட்டாயிற்று. காலிக் குப்பியையும் அவர் விடவில்லை. நல்ல கனமான கண்ணாடி, ரப்பர் மூடி. மிஷின் ஊசி போட்டு வைக்க அதைவிடத் தோதான சாமான் கிடைக்காது என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வெந்நீரில் அலசி, ஊசிகளைப் போட்டு, பட்டன் டப்பாவுக்குள் வைத்தார். அன்று சாயங்காலம் சன்னல் வழியாகக் கன்றைப் பார்க்கும்போது மனசு நிறைந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் அதற்கு உள்சட்டை ஒன்று தைத்துப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் தேதி தப்பி வந்தது புதன்கிழமை. மாதத்தில் ஒரு நாள் வருகிறவர், ரத்தம் எடுத்துப் போய் ஒரு வாரம்கூட ஆகாமல் திரும்ப வந்து நின்றார். வந்தவர் உட்காரவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், வாட்ச்மேனின் கழுத்து, விலா, மடி, தொடை என்று கை வைத்துத் தடவிப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார்.

“கட்டி ஒண்ணும் இல்லக்கா. காய்ச்சலும் இல்ல. ஆனா ரத்தத்துல அடையாளம் வந்திருக்கு.”

மனைவி கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள். “நோயா?”

“நோய்க்கு எதிர்ப்பு வந்திருக்கு. ஊசி போடாத கன்னுக்கு, கிருமி உள்ள போகாம அது வராது. அதான் எனக்குப் புரியல. உங்க டப்பாப் பூச்சிய மூணு மாசத்துக்கு எடுத்து மறுபடி பாத்தோம். ஒண்ணுலயும் கிருமி இல்ல. பூச்சியில இல்லாதது கன்னுக்கு எப்படி வந்துச்சு? டப்பா தினமும் ஒழுங்கா ஓடுதுல்ல?”

“ஓடுது டாக்டர்” என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது.

“எதுக்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கிறேன். பக்கத்து வீட்டு மாடுங்களுக்கும் எடுக்கணும். அதுவரைக்கும் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு மாடும் வெளிய போகக்கூடாது. நாளைக்கு ஆர்டர் வந்துரும்.”

“ஞாயித்துக்கிழமை கிடேரிய அனுப்பறதா இருந்தோம்” என்றார் தையல்காரர். அவருக்கே தன் குரல் தூரத்தில் கேட்டது.

“முடியாதுண்ணே.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். மனைவி டாக்டருக்குக் கன்றின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக ஒரு பொய் இல்லாமல் நோட்டு எழுதியவள், டாக்டர் முன்னால் தன் புருஷன் பண்ணிய காரியத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டுமா என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார். டாக்டர் போகட்டும், தனியாகச் சொல்லலாம் என்று பார்த்தார். டாக்டர் போனதும் தைரியமும் கூடவே போய்விட்டது.

மறுநாள் பால் எடுக்க வரும் பால்காரர் வாசலிலேயே சைக்கிளை நிறுத்தி அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன டெய்லர், உங்க வீட்டு வாட்ச்மேன் விசில் அடிச்சிருச்சாமே? சந்தைய நிறுத்திட்டாங்க. மேலத்தெருக்காரரு ரெண்டு காளைய வண்டியில ஏத்தி, திரும்ப எறக்கிட்டாரு.”

“ஆமாங்க.”

“கன்னு நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அதுதான் விசேஷம். சந்தையே படுத்துருச்சு, கன்னு மட்டும் நல்லா இருக்கு.”

மத்தியானம் மகளிடமிருந்து போன். “அப்பா, கூரை போட்டாச்சு. தொட்டியும் கட்டியாச்சு. உங்க மாப்பிள்ள காலையிலேர்ந்து காலிக் கொட்டகையப் பெருக்கிட்டே இருக்காரு. என்னிக்குப்பா வரும்?”

“வரும்மா” என்றார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. ஒரு பையனின் கால்சட்டைக்கு இரண்டு காலையும் இடதுகாலாகவே வெட்டிவிட்டார். நாற்பது வருஷத்தில் அப்படி வெட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி மூன்று வருஷத்து நோட்டுகளையும் எடுத்துவந்து அவர் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“என்னங்க, போன மாசம் நான் ரெண்டு நாள் இல்ல. டப்பா மாட்டினது நீங்க. விசிறி ஓடுச்சா?”

“ஓடுச்சு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஓடுச்சும்மா. சத்தம் கேட்டுச்சு.”

அவள் நோட்டை மூடினாள். “அப்ப நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். பூச்சி வந்திருக்கு. கன்னக் கடிச்சிருக்கு. என் டப்பாவுல மட்டும் விழல. ஒசரம் கூடிப்போச்சோ, காத்துக்கு எதிரா மாட்டினேனோ, ஒண்ணும் புரியல. மூணு வருஷம் மாட்டினதும் வீணோ என்னவோ.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“டாக்டருகிட்ட டப்பாவ எடுத்துட்டுப் போகச் சொல்லிரலாம்னு இருக்கேன். வேற நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கட்டும்.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நோட்டின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவி விட்டாள். தையல்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, உட்கார்ந்திருக்கும் இடமே சுட்டது. மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“உன் டப்பா மேல தப்பு இல்ல.”

“பின்ன யாரு மேல?”

“வாட்ச்மேனுக்கு ஊசி போட்டாச்சு.”

“எந்த ஊசி?”

“நீ ஊர்ல இல்லாதப்ப. ஊசிக்காரர் போட்டாரு. போடச் சொன்னது நான்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சன்னலுக்கு அப்பால் வாட்ச்மேன் அசைபோட்டுக்கொண்டிருந்தது. தன் பெயர் அடிபடுவது தெரிந்தோ என்னவோ, இந்தப் பக்கம் திரும்பியது.

“ஒரு டோஸ் மிச்சம் இருந்துச்சும்மா. கொட்டிருவேன்னாரு.”

“மிச்சம்.”

“ஆமா.”

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூட்டை மூட்டையாகத் துண்டுத்துணி, நூல் தீர்ந்த கட்டைகள், ஒற்றைப் பட்டன்கள் நிறைந்த பாட்டில்கள். “இந்த வீட்டுல எதத்தான் கொட்ட விட்டிருக்கீங்க” என்றாள். பிறகுதான் கோபம் வந்தது. “ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. என் கையே எனக்குச் சந்தேகமாப் போச்சு. பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. ரெண்டு தரம் சொல்லிட்டுத்தானே போனேன்?”

“சொன்ன.”

“தலையாட்டினீங்களே?”

“ஆட்டினேன்.”

“என்ன எண்ணத்துல பண்ணீங்க?”

“கடிக்குதுல்ல. பாக்கச் சகிக்கல” என்றார். அதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை.

அவள் போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“நீ பேசேன்.”

“போடச் சொன்னது நீங்க. பேசுறதும் நீங்களே.”

ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். இந்தத் தடவை உட்கார்ந்தார். தையல்காரர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். டாக்டர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஊசியால வந்த எதிர்ப்பா, பூச்சியால வந்ததான்னு நாங்க பண்ற டெஸ்ட்ல பிரிச்சுச் சொல்ல முடியாதுண்ணே. யாராவது வாயத் தெறந்து சொன்னாத்தான் உண்டு. புதன்கிழமையே சொல்லியிருந்தா, நாப்பது வீட்டு மாட்டுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்க வேணாம்.”

“தப்புத்தான் டாக்டர்.”

“இப்ப நீங்க சொல்றத மட்டும் வெச்சு ஆர்டர எடுக்க முடியாது. அந்தப் புது ஆளோட ரிஜிஸ்டர்ல மூணு மாடுன்னுதான் இருக்கு. என்னிக்குப் போட்டது, எந்த மருந்து, எந்த பேட்ச், எதாவது ஆதாரம் வேணும்.”

தையல்காரர் உள்ளே போனார். பட்டன் டப்பாவை எடுத்துவந்து, மிஷின் பலகையில் கவிழ்த்தார். பட்டன்களுக்கு நடுவே குப்பி உருண்டு வந்தது. உள்ளே பதினோராம் நம்பர் ஊசிகள். வெளியே சீட்டு ஒரு மூலைகூடக் கிழியாமல் இருந்தது. பேட்ச் நம்பர், மருந்தின் பெயர், கலக்கிய தேதியும் நேரமும் ஊசிக்காரரின் கையெழுத்தில். அவர் குப்பியை அலசும்போதுகூடச் சீட்டு நனையாமல் பிடித்துக்கொண்டு அலசியவர்.

டாக்டர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலிக் குப்பிய வெளிய குடுக்கவே கூடாது. அந்த ஆளுக்கு இருக்கு கச்சேரி” என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “ஊசிய எடுத்துக்கோங்கண்ணே. குப்பி எனக்கு வேணும்.”

மனைவி ஊசிகளை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் தேநீர் போட்டபோது அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது.

ஊசிக்காரர் ஒப்புக்கொண்டார். பக்கத்து மாடுகளின் ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆர்டரை எடுத்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் வண்டி வந்து, கிடேரி பலகையில் ஏற மறுத்து, பால்காரர் பின்னாலிருந்து தள்ளி, ஒருவழியாக ஏறிப் போய்ச் சேர்ந்தது. மகள் போனில் பேசவே இல்லை. கிடேரி தொட்டியில் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாள். கணவனும் மனைவியும் ஒரே போனில் காதை வைத்துக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் டாக்டர் வாட்ச்மேனின் காதிலிருந்து மஞ்சள் வில்லையைக் கழற்றினார். லைட்டு டப்பாவை என்ன செய்வது என்று மனைவி கேட்கவில்லை. அதன் கீழேயே போய் நின்றுகொண்டிருந்தாள்.

“டப்பாவுல ஒரு குறையும் இல்லக்கா. கிருமி இல்லன்னு சரியாத்தானே சொல்லியிருக்கு. அது இங்கயேதான் இருக்கும்” என்றார் டாக்டர். “அடுத்த மாசம் கறவை ஒண்ணு கன்னு போடுமில்ல? அது வளந்ததும் அதுக்கு வில்லை மாட்டலாம். ஆனா இந்தத் தடவ அண்ணனும் கையெழுத்துப் போடணும்.”

தையல்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். “அதையும் கடிக்குமே” என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் போனதும் மனைவி உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து மடித்த வலைத்துணி ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். கொசுவலைச் சட்டை. கிழித்திருக்கவில்லை. துவைத்து, நாடாவெல்லாம் முடிந்து, பூச்சி அரிக்காமல் இருக்க வசம்புத் துண்டு வைத்திருந்தாள்.

“கழுத்துப் பத்தாது. வளந்திருச்சு. பிரிச்சு விட எடம் வெச்சிருக்கீங்களா?”

“நாலு விரக்கடை வெச்சிருக்கேன்.”

“அளவெடுங்க. நான் எழுதறேன்.”

அவள் கன்றின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அதன் கழுத்தைச் சுற்றினார். வாட்ச்மேன் நெளியாமல் நின்றது. கழுத்து, மார்பு, முதுகு நீளம் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் கையில் அகப்பட்ட நோட்டிலேயே எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அது பூச்சி நோட்டு. அன்றைய தேதிக்கு நேரே, ‘வாட்ச்மேன் இன்று முதல் வேலையில் இல்லை’ என்று எழுதியிருந்தாள். குறிப்பில், ‘வீட்டுக்காரர் ஊசி போட வைத்துவிட்டார். தெரிந்தே.’

இந்தத் தடவை அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போய், கழுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.